தை மாத அறுவடையும் குடும்பச் சிக்கனமும்

தை பிறந்தால் கையில் பணம் புரளும் என்பது குடியானவர் வீடுகளில் பொதுவாக நிலவும் எண்ணம். சம்பா அறுவடையாகி நெல் களத்துக்கு வரும் மாதம் அது. ஆகையால் அவ்வெண்ணம் பிழையன்று. எனினும் வருஷம் முழுவதிலும் மிகுதியான செலவு நேரிடுவதும் அம்மாதத்திலேதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தையில் கைநிறையப் பணம் கண்ட குடும்பமே பங்குனியில் மேலுரம் வாங்கப் பணமின்றி நகையை அடகு வைக்க நேரிடுகிறது. இதற்குக் காரணம் மகசூற் குறைவு மட்டுமன்று; வரவு வருவதற்கு முன்னரே அதனைப் பங்கிட்டு வையாமையே பெரும்பாலும் காரணமாகும்.

திருவள்ளூர் ஜில்லாவில், சிறப்பாகக் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பகுதிகளில், இவ்விஷயம் முன்னைவிட இப்பொழுது அதிக முக்கியம் பெற்றுள்ளது. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க் கண்டிகையிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் அமைந்தபின், வீட்டுக்கு ஒருவரேனும் தொழிற்சாலைக்குச் செல்லும் குடும்பங்கள் பெருகின. வயல் வேலைக்கு ஆள் கிடைத்தல் அரிதாயிற்று. நிலத்தின் விலையோ ஏறிற்று. ஒரு மாதத்துக் கைமுடை ஏற்பட்டால், நிலத்தில் சில சென்டுகளை மனைக்கட்டாக விற்று அதனைத் தீர்த்துக்கொள்ளலாம் என்ற ஆசை இவ்விடத்தில் எளிதில் எழும். அவ்வாறு விற்ற நஞ்சை மீண்டும் கைக்கு வருவதில்லை. ஆகவே தை மாதத்துக் குடும்பச் சிக்கனம் என்பது சில ரூபாய்களை மிச்சப்படுத்தும் காரியம் மட்டுமன்று. நிலத்தைக் காக்கும் காரியமுமாகும்.

தை மாதத்தின் இயல்பு

இப்பிரதேசத்தில் நெல் மூன்று போகமாகப் பயிராகிறது. சித்திரை வைகாசியில் விதைத்து ஆடி ஆவணியில் அறுப்பது சொர்ணவாரி. ஆவணியில் தொடங்கித் தையில் முடிவது சம்பா. மார்கழி தையில் தொடங்கிச் சித்திரைக்குள் அறுவடையாவது நவரை. ஆதலால் தை மாதம் ஒரு போகத்தின் முடிவும் மறுபோகத்தின் தொடக்கமும் ஒன்றாகக் கூடும் மாதம். அறுவடைக் கூலி, யந்திர வாடகை, வண்டிச் சத்தம், நவரைக்கு உழவு, விதை, அடியுரம், நடவுக் கூலி ஆகிய யாவும் ஏறக்குறைய 30 நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டியவை.

அதே மாதத்தில் பொங்கற் பண்டிகை வருகிறது. தை அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கும், தைக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கும் செல்வது இப்பக்கத்து வழக்கம். கலியாணங்களும் சுபகாரியங்களும் தையிலேயே மிகுதி; உறவினர் வீடுகளுக்கு மொய்யும் சீரும் செய்ய வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம் நெருங்குகிறது. இத்தனை செலவுகளில் எதிர்பாராதது ஒன்றுமில்லை. வருஷந்தோறும் இன்ன நாளில் வருமென்று தெரிந்த செலவுகளே யாவும். தெரிந்த செலவுக்குக் கடன் வாங்குதல் முன்யோசனைக் குறைவேயாகும்.

மார்கழியிலேயே செய்து முடிக்க வேண்டியவை

தை மாத வேலைக்கு ஏற்பாடு தையில் தொடங்குவதற்கில்லை. நாட்களைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். தை 5-ஆம் தேதி சம்பா அறுவடை என்றும், உழுது பரம்படித்துத் தை 15-ஆம் தேதி நவரை நடவு என்றும் வைத்துக்கொள்வோம். குறுகிய கால நெல்லுக்கு நாற்றின் வயது 18 முதல் 22 நாள். எனவே நாற்றங்காலில் விதைப்பது மார்கழி 24 அல்லது 25-ஆம் தேதியில் நடைபெற வேண்டும். விதையை ஊறவைத்து முளைகட்ட இரண்டு நாள் ஆகும். ஆகையால் மார்கழி 20-ஆம் தேதிக்குள் விதை வீட்டில் இருந்தாக வேண்டும். சம்பா விற்று வரும் பணத்தில் நவரை விதை வாங்கலாம் என்று காத்திருப்பவர் பருவத்தை இழப்பர்.

சம்பா நெல்லையே நவரைக்கு விதையாக்குதலும் கூடாது. சம்பாவுக்கு ஏற்றது 130 நாள் அளவிலான மத்திய கால ரகம். நவரைக்கு வேண்டுவது 120 நாட்களுக்கு உட்பட்ட குறுகிய கால ரகம். ஆடுதுறை 37, கோ 51 போன்றவை இவ்வகையின. சொர்ணவாரியில் விளைந்த கலப்பற்ற நெல்லை எடுத்துவைத்தவர்களுக்கு இச்செலவு பெரும்பாலும் மிச்சம். எனினும் ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரக்காற்றில் விதை கெடுவதுண்டு. 100 விதைகளை ஈரத்துணியில் மடித்து வைத்து முளைப்பைச் சோதித்தல் அவசியம். 80-க்குக் குறைவாக முளைப்பின், அவ்விதையை விலக்கி வேளாண்மை விரிவாக்க மையத்தில் நல்ல விதையைப் பெற வேண்டும். நடவு நெல்லுக்கு ஏக்கருக்கு 24 கிலோ விதையும் 8 சென்ட் நாற்றங்காலும் போதும். இரண்டு ஏக்கர் நடுவோருக்கு 48 கிலோ விதையும் 16 சென்ட் நாற்றங்காலும் வேண்டும். சம்பா வயலில் நிற்கும்போதே நாற்று விட வேண்டுமாதலால், கிணற்றையடுத்த மேட்டுப் பாங்கான இடத்தை அதற்கென முன்னரே ஒதுக்கி வைத்தல் நலம்.

ஏரியிலும் கிணற்றிலும் நீர் நிலையை மார்கழியிலேயே பார்த்து முடிவு செய்தலும் ஒரு சிக்கனமே. சித்திரை வரை நீர் நிற்குமென்ற உறுதியில்லாத நிலத்தில் நவரை நட்டு, பங்குனியில் காயவிட்டு, செய்த செலவு யாவற்றையும் இழப்பதைக் காட்டிலும், சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னதாக வயலின் ஈரத்தில் உளுந்தோ பாசிப்பயறோ தெளித்துவிடுதல் மேலானது. அவை 65 முதல் 75 நாளில் விளைவன, செலவு சொற்பம், வீட்டுக்குப் பருப்பும் நிலத்துக்கு வளமும் கிடைக்கும்.

அறுவடை யந்திரத்துக்கும் முன்பதிவு மார்கழியிலேயே ஆக வேண்டும். ஒரே வாரத்தில் எல்லா வயல்களும் முற்றுவதால் யந்திரத்துக்குப் போட்டி ஏற்பட்டு வாடகை உயர்கிறது. அடுத்தடுத்த வயற்காரர் பத்துப் பேர் சேர்ந்து நாள் குறித்து யந்திரத்தை அமர்த்தினால், அது ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்கு அலையும் நேரம் குறையும். மணிக்கணக்கில் கொடுக்கும் வாடகையும் அதற்கேற்பக் குறையும். அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்னதாக நீரை வடித்துவிடுதல் முக்கியம். சேற்றில் யந்திரம் தடுமாறும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் கொடுப்பவர் நிலக்காரரே.

நெல்லைப் பங்கிடும் முறை

நெல் பணமான பின் பங்கிடுதல் கடினம். நெல்லாக இருக்கும்போதே பங்கிடுதல் எளிது. இரண்டு ஏக்கர் சம்பா செய்த ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். ஏக்கருக்கு 25 மூட்டை வீதம், 75 கிலோ கொண்ட மூட்டை 50 கிடைத்ததாக வைத்துக்கொண்டால், அதனைப் பின்வருமாறு ஒதுக்கலாம்:

வீட்டு உணவுக்கு - 6 மூட்டை
அறுவடைச் செலவுக்கு - 6 மூட்டை
கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு - 15 மூட்டை
நவரைச் சாகுபடி ரொக்கச் செலவுக்கு - 12 மூட்டை
பள்ளிச் செலவு, துணி, வீடு பழுது பார்த்தல் முதலியவற்றுக்கு - 5 மூட்டை
பொங்கலுக்கும் சுபகாரியங்களுக்கும் - 2 மூட்டை
எதிர்பாராத இடருக்கு - 4 மூட்டை

இவ்வெண்கள் யாவருக்கும் பொருந்துவன அல்ல. கடனில்லாதவர் அப்பங்கை இடர் நிதியில் சேர்க்கலாம். குத்தகை கொடுப்பவர் அதற்கொரு பங்கு காண வேண்டும். ஆனால் வரிசை மாறலாகாது. உணவும் அறுவடைச் செலவும் கடனும் மறுபோகச் செலவும் முதலில் நிற்க வேண்டும். பண்டிகைச் செலவு அவற்றின்பின் வர வேண்டும். பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் துன்பம் விளைகிறது.

உணவு நெல்லின் கணக்கு பின்வருமாறு. மாதத்துக்கு 40 கிலோ அரிசி செலவாகுமெனின், தை முதல் ஆடி முடிய ஏழு மாதங்களுக்கு 280 கிலோ அரிசி வேண்டும். 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 65 கிலோ அரிசி காணும். ஆகவே 430 கிலோ நெல், அதாவது ஆறு மூட்டைக்குச் சற்றுக் குறைவாகத் தேவை. நவரை சித்திரையில் வீடு வருமாயின் இதில் மீதி நிற்கும். வராமற் போயினும் சொர்ணவாரி வரை அடுப்பு எரியும். 2011 ஜூன் முதல் அரிசி அட்டையுள்ள குடும்பங்களுக்கு நியாய விலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைத்து வருகிறது. அதனையும் வாங்கி உண்ணும் குடும்பம் உணவுப் பங்கைக் குறைத்துக்கொண்டு, குறைந்த அளவை இடர்ப் பங்கில் சேர்க்கலாம்.

யந்திர அறுவடை நெல்லில் ஈரம் மிகுதி. நூற்றுக்கு 17 பங்குக்கு மேற்படாத ஈரமே கொள்முதல் நிலையங்களின் பொது விதி. வீட்டில் நெடுநாள் வைப்பதற்கோ 12 அல்லது 13 பங்குக்குக் குறைத்தாக வேண்டும். பல்லிடையில் வைத்துக் கடித்தால் நொறுங்கி ஓசைப்படும் பதமே வைப்புக்கு உரியது. மூட்டைகளைத் தரையில் படாதவாறு பலகை மேல், சுவரினின்று ஒரு முழம் விலக்கி அடுக்க வேண்டும். ஈரநெல்லைக் குவித்து வைத்துப் பழுக்கவிட்டு, பின்னர் வந்த விலைக்குத் தள்ளுவதால் நேரும் நஷ்டம், பண்டிகைச் செலவில் செய்யும் மிச்சம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

வைக்கோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ எனின், வருஷத்துக்கு ஏறக்குறைய 2 டன் ஆகிறது. யந்திரம் சிதறிவிட்ட வைக்கோலைப் பனியில் நனையவிடாது உடனே கட்டுக் கட்டாக்கிப் போரில் சேர்த்தவர், கோடையில் வைக்கோல் விலைக்கு வாங்க நேராது.

மாதச் சம்பளமும் போக வருமானமும்

தொழிற்சாலைக்குச் செல்லும் மகனோ மகளோ உள்ள வீட்டில் இருவகை வருமானம் உண்டு. சம்பளம் மாதந்தோறும் வருவது. வயல் வருமானம் போகந்தோறும் வருவது. இவ்விரண்டையும் ஒரே பையில் போட்டுக் கலத்தல் பெரும் பிழை. மளிகை, பால், மின்சாரக் கட்டணம், பஸ் செலவு, பள்ளிச் சில்லறை ஆகிய மாதச் செலவுகளைச் சம்பளத்தைக் கொண்டே நடத்த வேண்டும். உரம், கூலி, கடன், வருஷத் துணி ஆகியவற்றை வயல் வருமானத்தைக் கொண்டு நடத்த வேண்டும். மளிகைக் கடை பாக்கியை நெல்லில் தீர்க்கலாமென்று மாதக்கணக்கில் ஏறவிடுவோர், தை மாதத்தில் நெல்லைக் கடைக்காரருக்கே விளைவித்துக் கொடுத்தவராவர்.

தை மாதத்துப் பணத்தை நம்பித் தவணை முறையில் வாகனமோ வீட்டுச் சாமானோ வாங்குவதும் ஆபத்தானது. தவணை மாதந்தோறும் கேட்கும். வயல் மாதந்தோறும் கொடாது. சம்பளத்தில் மாதச் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு என்று ஆறு மாதக் கணக்கைப் பார்த்து, அதற்குள் அடங்கும் தவணையையே ஏற்க வேண்டும்.

வேலைக்குச் செல்பவரின் ஓய்வு நாட்களும் குடும்பத்தின் சொத்தே. பொங்கல் விடுமுறையை ஒட்டி இரண்டொரு நாள் விடுப்பை முன்கூட்டியே பெற்றால், நெல் காயவைத்தல், வைக்கோல் கட்டுதல், வரப்புக் கழித்தல் ஆகிய வேலைகளுக்குக் கூலி ஆள் தேட வேண்டுவதில்லை. முறை வேலை மாறும் நாட்களை மார்கழியிலேயே விசாரித்து, அறுவடை நாளை அதற்கிணங்கக் குறித்தல் பல வீடுகளுக்கு இயலும் காரியம்.

அடுக்களை ஏற்பாடு

தை மாதத்தில் வீட்டுப் பெண்டிர் களத்துக்கும் நடவுக்கும் அடுக்களைக்குமாக அலைகின்றனர். அம்மாதத்தில் கடைத் தின்பண்டச் செலவு கூடுவது சோம்பலால் அன்று, நேரமின்மையாலேயே. ஆகையால் மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி, உப்பு, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை மார்கழி முடிவதற்குள் 40 நாளைக்கு வேண்டிய அளவு சேகரித்து வைத்தல் அவசியம். பொங்கலுக்கு முந்திய வாரத்தில் சந்தையில் வெல்லமும் பருப்பும் விலையேறுவது வழக்கமாதலால் இதனால் பணமும் மிஞ்சும். சமையல் எரிவாயு உருளையையும் முன்னதாகவே பதிவு செய்துவிட வேண்டும்.

கேழ்வரகுக் கூழ் இப்பக்கத்துக் களத்து உணவு. கேழ்வரகை முன்னரே அரைத்து வைத்தால், இரவில் காய்ச்சிய கூழ் மறுநாள் காலையில் வயலுக்கு ஆயத்தமாக இருக்கும். பச்சை மொச்சை, பூசணி, சர்க்கரைவள்ளி ஆகியவை தையில் மலிவு. கீரை வரப்பிலும் வேலியிலும் கிடைக்கும். பழவேற்காட்டுக் கருவாடு மழை ஓய்ந்தபின் சந்தைக்கு வரும். இவற்றைக் கொண்டு வாரத்துக்கொரு சமையல் வரிசையை எழுதி வைத்துக்கொள்ளும் குடும்பத்தில் உணவும் குறைவின்றி நடக்கும். செலவும் கட்டுக்குள் நிற்கும். சிக்கனம் என்பது பிள்ளைகளின் பாலையும் பருப்பையும் குறைப்பதன்று. உழைப்பு மிகுந்த மாதத்தில் உணவைக் குறைத்து நோய்க்கு மருந்து வாங்குதல் சிக்கனமாகாது.

இடருக்கு ஒதுக்கிய பங்கு

இடர்ப் பங்கை அநாவசியமென்று கருதுவோர் கடந்த சில வருஷங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் இக்கரையில் வீசிற்று. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் கரையையொட்டிச் சென்றபோது பெருமழை பெய்தது. இரண்டும் கார்த்திகை மாதத்தில், சம்பா வயலில் நிற்கையில் வந்தவை. ஆகையால் சம்பாப் பயிர் இன்ஷூரன்ஸை, பெரும்பாலும் நவம்பர் மத்தியில் முடியும் கெடுவுக்குள் செய்துகொள்ளுதல் முதற்காரியம். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ரபிப் பருவ உணவுப் பயிர்களுக்கு விவசாயி செலுத்தும் கட்டணம், காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை. தம் வயற்பயிர் இயற்கை இடரால் தனியே சேதமுற்றால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்பதும் விதி. இன்ஷூரன்ஸ் தொகை உடனே கைக்கு வருவதில்லை. அது வரும்வரை குடும்பத்தைத் தாங்குவது இந்த நான்கு மூட்டையே. ஆதலால் அதனை வேறெதற்கும் தொடலாகாது. பாங்கில் தனிக் கணக்கிலோ மகளிர் சுய உதவிக் குழுவின் சேமிப்பிலோ அதனைப் போட்டு வைக்கலாம்.

சங்கக் கடனைத் தவணைக்குள் செலுத்துதல்

கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணைக்குள் முழுதும் செலுத்துவோர் வட்டி கொடுக்க வேண்டுவதில்லை. தவணை தவறியவரோ அச்சலுகையை இழப்பதோடு, நவரைக்குப் புதுக்கடன் பெறும் வழியையும் அடைத்துக்கொள்கின்றனர். பின்னர் அவர் செல்லும் இடம் அடகுக் கடையே. எனவேதான் மேற்கண்ட பங்கீட்டில் கடனுக்குப் பெரும்பங்கு ஒதுக்கப்பட்டது.

இவ்விஷயத்தில் இந்த ஜில்லாவுக்குத் தனிப் பெருமை உண்டு. சென்னை மாகாணத்துச் சர்க்கார் 1892-இல் பிரடெரிக் நிக்கல்சன் என்பவரை ஐரோப்பியக் கிராமக் கடன் சங்கங்களை ஆராய நியமித்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் குடியானவர்களின் கடன் தொல்லையைத் தீர்க்க ஏற்படுத்திய சங்கங்களை ஆராய்ந்து, நிக்கல்சன் 1895-லும் 1897-லும் தம் அறிக்கைகளை வெளியிட்டார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே திருவள்ளூரையடுத்த திரூரில் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஏற்பட்டது. ஒருவரை ஒருவர் அறிந்த அயலார், சிறுகச் சேமித்து, பயனுள்ள காரியத்துக்கே கடன் பெற்று, நாள் தவறாது செலுத்துவது அச்சங்கங்களின் அடிப்படை. கடன் கொடுப்பதைவிடக் கணக்கறிந்து வாழப் பழக்குவதே அவற்றின் முக்கிய நோக்கமாயிருந்தது. அந்த நோக்கம் இன்றும் பொருந்துவதே.

கிராம அலுவலர்கள் செய்யத்தக்கவை

விவசாயி எவ்வளவு முன்யோசனை செய்தாலும், நெல் விற்கும் நாள் தாமதமானால் அவருடைய திட்டம் குலைந்துவிடும். களத்தில் ஒரு வாரம் கிடக்கும் நெல், பனியில் ஈரமேறி எடை மாறுவதோடு, காவலுக்கும் செலவு வைக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல் கொடுக்கச் சிட்டாவும் அடங்கலும் பாங்குக் கணக்குப் புத்தகமும் வேண்டும். ஆதலால் சம்பாப் பயிரைப் புல எண் வாரியாகப் பார்வையிட்டு அடங்கலில் பதிந்து, மார்கழி இறுதிக்குள் சான்றுகளை வழங்கிவிடுதல் கிராம நிர்வாக அலுவலர் செய்யும் பேருதவியாகும். குத்தகைச் சாகுபடியாளர் பெயர் விடுபடாதிருக்கிறதா என்பதையும் அப்பொழுதே கவனித்தல் வேண்டும்.

வேளாண்மை உதவி அலுவலரும் சங்கச் செயலாளரும் ஊர்ப் பெரியோரும் மார்கழி நடுவில் ஒரு நாள் கூடி, எந்தப் பக்கத்து வயல் எப்பொழுது அறுவடை, யந்திரம் எத்தனை வேண்டும், உலர்களம் யாருக்கு எந்நாள், நவரைக்கு ஏரி நீர் எத்தனை ஏக்கருக்குக் காணும் என்பவற்றை முடிவு செய்து எழுதி வைத்தால் பிற்பாடு சச்சரவுக்கு இடமிராது. சங்கக் கடனின் தவணை நாளை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அக்கூட்டத்திலேயே தெரிவிக்கலாம்.

கணக்கு எழுதுதல்

மேற்சொன்னவை யாவும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் அடங்கும். ஒரு பக்கத்தில் மார்கழி 1 முதல் மாசி 1 வரை நாள்வாரியாகச் செய்ய வேண்டிய வேலை. எதிர்ப்பக்கத்தில் அதற்கு வேண்டிய தொகையும் அது வரும் வழியும். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து இதனை எழுத வேண்டும்; ஒருவர் மட்டும் அறிந்த கணக்கு மற்றவர் செலவைத் தடுக்காது. மாசி முதல் வாரத்தில், எண்ணியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று ஒத்துப் பார்த்துக் குறித்து வைத்தால், அடுத்த வருஷத் திட்டம் பாதி முடிந்ததாகும். நவரை அறுவடைக்கும் சொர்ணவாரி விதைப்புக்கும் இடைப்பட்ட சித்திரை மாதத்திலும் இதே நெருக்கடி சிறிய அளவில் வருமாதலால், தையில் பழகிய முறை அப்பொழுதும் உதவும்.